தாய்மாரைக் காத்த வைத்தியர் செம்மல்வைஸ்

பிள்ளைப்பேறு என்பது பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் பெரியோர் சொல்லுவர். வீட்டில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டால், பெரிய உயிரும் சின்ன உயிரும் நல்லபடியாய் வேறாக வேண்டுமே என்று வேண்டிக்கொள்ளாத குடும்பம் உண்டோ? அந்த வேளையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்பதே இன்று நமக்கு ஒரு பெரிய தைரியம்.

ஆனால் பிரசவ ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டாலே தாய்மார் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்றில், ஒரு குறிப்பிட்ட வார்டுக்குள் தங்களை அனுப்ப வேண்டாமென்று கர்ப்பிணிகள் முழங்காலில் விழுந்து கெஞ்சினார்கள். உள்ளே பிள்ளை பெற்றவளைவிட, வழியிலே தெருவோரத்தில் பெற்றவள் பிழைப்பது எளிதாயிருந்தது. இந்தக் கொடுமைக்குக் காரணம் இன்னதெனக் கண்டுபிடித்து, அதைத் தீர்க்கும் வழியையும் காட்டிய ஒரு வைத்தியரின் சரித்திரத்தை வாசகர்களுக்குச் சுருக்கமாய்ச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் இக்நாஸ் பிலிப் செம்மல்வைஸ்.

பிறப்பும் கல்வியும்

ஹங்கேரி நாட்டில் தானூபு நதிக்கரையிலுள்ள புடா நகரில் 1818-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி செம்மல்வைஸ் பிறந்தார். நதிக்கு இக்கரையில் புடா, அக்கரையில் பெஸ்ட் என்று அந்நாளில் இரு நகரங்களாய் இருந்தவையே 1873-ல் ஒன்றாகி புடாபெஸ்ட் எனப் பெயர் பெற்றன. தகப்பனார் பலசரக்கு வியாபாரி, கத்தோலிக்கக் குடும்பம். பத்துப் பிள்ளைகளில் இவர் ஐந்தாமவர். வீட்டில் பேசியது ஜெர்மன் மொழி.

1837-ல் சட்டம் படிக்கவென்று வியன்னாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கு போன அடுத்த ஆண்டே சட்டத்தை விட்டு வைத்தியக் கல்விக்கு மாறிவிட்டார். 1844-ல் வைத்தியப் பட்டமும், பிரசவ வைத்தியத்தில் தேர்ச்சியும் பெற்றார். ஸ்கோடா, ரோகிடான்ஸ்கி ஆகிய பெரும் ஆசிரியர்களிடம் கற்றவர் அவர். எந்த நோயானாலும் இறந்தவர் உடலை அறுத்து ஆராய்ந்து காரணத்தைக் காண வேண்டும் என்பது அவர்கள் வகுத்த புதிய வழி. வைத்திய சாஸ்திரத்துக்கு அது பெரிய நன்மை செய்தது. அதே வழியில் ஒரு பெரிய தீமையும் ஒளிந்து வந்ததென்பதை அப்போது ஒருவரும் அறியவில்லை.

வியன்னா ஆஸ்பத்திரி

வியன்னாப் பொது ஆஸ்பத்திரி 1784-ல் இரண்டாம் யோசேப்பு சக்கரவர்த்தியால் நிறுவப்பட்டது. அதன் பிரசவப் பகுதிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள், வேலைக்காரிகள், மணமாகாமல் தாயாகி, வீட்டுக்குப் போக வழியற்று நின்றவர்கள். வசதியுள்ள குடும்பத்துப் பெண்கள் தங்கள் வீட்டிலேயே பிள்ளை பெற்றார்கள். ஆஸ்பத்திரியில் செலவு கிடையாது. பிறந்த குழந்தையை அனாதைக் குழந்தைகள் இல்லத்தில் ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு ஈடாக, மாணவர்கள் பிரசவம் பார்த்துப் பழகுவதற்கு அந்தத் தாய் உடன்பட வேண்டும். வேறு போக்கிடமில்லாதவள் உடன்படாமல் என்ன செய்வாள்?

பிரசவப் பகுதி இரண்டு பிரிவுகளாய் நடந்தது. 1840 முதல், வைத்திய மாணவர்கள் முதற் பிரிவிலும், மருத்துவச்சி வேலை கற்கும் பெண்கள் இரண்டாம் பிரிவிலும் பயின்றார்கள். கர்ப்பிணிகளை ஒரு நாள் ஒரு பிரிவிலும் மறுநாள் அடுத்த பிரிவிலுமாக மாற்றி மாற்றிச் சேர்ப்பார்கள். ஆகவே ஒரு பெண் எந்தப் பிரிவுக்குப் போவாள் என்பது அவளுக்கு வலி கண்ட நாளைப் பொறுத்தது.

அந்த நாளைப் பொறுத்தே அவள் உயிரும் இருந்தது. 1846-ம் ஆண்டில் முதற் பிரிவில் 4,010 பிரசவங்கள்; இறந்த தாய்மார் 459 பேர். அதே ஆண்டு இரண்டாம் பிரிவில் 3,754 பிரசவங்கள். இறந்தவர்கள் 105 பேர். அதாவது, முதற் பிரிவில் ஏறக்குறைய ஒன்பது தாய்மாருக்கு ஒருவர் மாண்டார். இரண்டாம் பிரிவில் முப்பத்தாறு பேருக்கு ஒருவர். இவர்களைக் கொண்டுபோனது பெரும்பாலும் பிரசவ ஜன்னி. பிள்ளை பெற்ற சில நாட்களுக்குள் குளிர் நடுக்கம், கடும் காய்ச்சல், வயிறு உப்புதல், தாங்க முடியாத வலி, பிதற்றல், பிறகு மரணம். பல சமயம் பச்சைக் குழந்தையும் அதே நோயால் தாயைப் பின்தொடர்ந்து போகும்.

இந்த வித்தியாசம் ஊருக்கே தெரிந்திருந்தது. வைத்தியர்கள் வாயடைத்திருந்தாலும் ஏழைப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வைத்திருந்தார்கள். முதற் பிரிவின் முறை நாளில் வந்து சேர்ந்தவர்கள், கையைப் பிசைந்துகொண்டு, வெளியே விட்டுவிடும்படி கெஞ்சினார்கள். சிலர் வலியைப் பொறுத்து, நகருக்குள்ளேயே எங்காவது பிள்ளையைப் பெற்றுக்கொண்டு, வரும் வழியில் பிறந்துவிட்டதென்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அப்படி வந்தவர்களின் குழந்தைகளுக்கும் இல்லத்தில் இடம் கிடைத்தது. வியப்பு என்னவென்றால், இப்படித் தெருவில் பெற்றவர்களுக்குப் பிரசவ ஜன்னி அபூர்வமாகவே கண்டது.

காரணம் தேடுதல்

1846-ம் ஆண்டு ஜூலையில் செம்மல்வைஸ் முதற் பிரிவில் உதவி வைத்தியராய் நியமனம் பெற்றார். அவருக்கு மேலே இருந்தவர் பேராசிரியர் யோஹான் கிளைன். நாள்தோறும் இளந்தாய்மார் சாவதைக் கண்டு செம்மல்வைஸின் மனம் பொறுக்கவில்லை. மற்றவர்கள் இது காற்றின் குற்றம், பூமியிலிருந்து எழும் ஆவியின் குற்றம், கிரகங்களின் குற்றம் என்று பேசி ஆறுதலடைந்தார்கள். காற்றின் குற்றமானால், ஒரே கூரையின் கீழுள்ள இரண்டாம் பிரிவில் அது ஏன் வீசவில்லை என்று இவர் கேட்டார்.

ஒவ்வொரு காரணமாய் எடுத்துச் சோதித்தார். கூட்ட நெரிசலோ என்றால், பெண்கள் முதற் பிரிவுக்கு அஞ்சி ஓடியதால் இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம். உணவோ என்றால், இரண்டிலும் ஒரே சமையல். இரண்டாம் பிரிவில் பெண்கள் ஒருக்களித்துப் படுத்துப் பிள்ளை பெறுவதைக் கண்டு, முதற் பிரிவிலும் அப்படியே செய்வித்தார், சாவு குறையவில்லை.

அப்போது ஒருவர் வேறொரு காரணம் சொன்னார். முதற் பிரிவில் மரணத் தறுவாயிலிருப்பவர்களுக்குத் தேவ நற்கருணை கொண்டுவரும் குருவானவர், ஐந்து வார்டுகளைத் தாண்டித்தான் நோயாளிகளின் அறைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அந்நாள் வழக்கப்படி ஓர் உதவியாள் மணியடித்துக்கொண்டு முன்னே போவார். இரண்டாம் பிரிவிலோ அந்த அறைக்கு நேர்வழி உண்டு. ஒரு நாளில் பல முறை அந்த மணியோசை கேட்டால், புதிதாய்ப் பிள்ளை பெற்றுக் கிடப்பவள் அடுத்தது தானோ என்று திகிலடைவாள் அல்லவா? அந்தத் திகிலே நோயை வருவிக்கிறதென்று சிலர் எண்ணினர். தமக்கே அம்மணியோசை நெஞ்சை அறுத்ததாகச் செம்மல்வைஸ் பின்னாளில் தம் நூலில் குறித்திருக்கிறார். அவர் குருவானவரிடம் போய், தாய்மார் மேல் இரங்கும்படி வேண்டிக்கொண்டார். அந்தக் குருவும் மனமுவந்து இசைந்து, மணியின்றி, ஓசையின்றி, சுற்றுவழியாய் வந்து போகலானார். தாய்மாருக்குத் திகில் குறைந்திருக்கும், சாவு குறையவில்லை.

நண்பரின் மரணம்

1846 அக்டோபரில் முன்னாள் உதவி வைத்தியர் பிரைட் என்பவர் திரும்பி வந்ததால், செம்மல்வைஸ் பதவியை விட்டு விலக நேர்ந்தது. 1847 மார்ச்சில் மீண்டும் பதவி கிடைக்கவிருந்த சமயம், மனச் சோர்வு நீங்கும்படி நண்பர்களோடு வெனிஸ் நகருக்குப் போய்வந்தார். திரும்பியதும் ஒரு துக்கச் செய்தி காத்திருந்தது. அவருடைய நண்பரும், சட்ட வைத்தியப் பேராசிரியருமான யாக்கோபு கொல்லெச்கா இறந்துவிட்டார். பிரேத பரிசோதனை செய்யும்போது ஒரு மாணவனின் கத்தி தவறுதலாய் அவர் விரலைக் கீறியது. அந்தச் சிறு காயத்திலிருந்து விஷம் உடலெங்கும் பரவி, சில நாட்களில் உயிர் போயிற்று.

துக்கத்தோடு செம்மல்வைஸ் அவருடைய பிரேத பரிசோதனைக் குறிப்பை எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெஞ்சிலும் வயிற்றிலும் சீழ், இரத்தக் குழாய்களில் வீக்கம், மூளையைச் சுற்றிய சவ்வில் அழற்சி: எத்தனையோ தாய்மாரின் உடல்களில் அவர் கண்டவை எவையோ, அவையே இந்த ஆண்மகன் உடலிலும் இருந்தன. அப்படியானால் நோய் ஒன்றே. கொல்லெச்காவுக்குள் பிரேதத்தின் நஞ்சைப் புகுத்தியது கத்தி. தாய்மாருக்குள் அதைப் புகுத்தியது எது?

விடை அவர் கண்முன்னேயே இருந்தது. முதற் பிரிவின் வைத்தியர்களும் மாணவர்களும் காலையில் பிரேதங்களை அறுத்துவிட்டு, சோப்பும் தண்ணீரும் கொண்டு மேலெழுந்தவாரியாய்க் கைகழுவி, நேரே பிரசவ வார்டுக்குப் போய்த் தாய்மாரைப் பரிசோதித்தார்கள். கழுவிய பிறகும் கையில் பிரேத நாற்றம் போகாது. இரண்டாம் பிரிவின் மருத்துவச்சிகளோ பிரேதம் அறுக்கும் இடத்துக்குப் போவதில்லை. தெருவில் பெற்றவளை ஒரு மாணவனும் பரிசோதிக்கவில்லை. அதனால் அவள் பிழைத்தாள். வலி நீடித்துப் பல மணி நேரம் கிடந்தவளைப் பலர் பலமுறை பரிசோதித்தார்கள். அதனால் அவள் இறந்தாள். பழைய பதிவேடுகளையும் அவர் புரட்டிப் பார்த்தார். முன்னிருந்த பேராசிரியர் போயர் பொம்மையை வைத்துப் பாடம் நடத்திய காலத்தில் சாவு சொற்பம். கிளைன் பொறுப்பேற்றபின், பிரேத ஆராய்ச்சி பெருகப் பெருகச் சாவும் பெருகியிருந்தது.

சுண்ணாம்பு நீர்

1847-ம் ஆண்டு மே மாத நடுவில் செம்மல்வைஸ் ஒரு கட்டளை இட்டார். வார்டுக்குள் நுழைகிறவர் யாராயினும், வாசலில் வைத்திருக்கும் குளோரின் நீரில் கைகளை நன்றாய்த் தேய்த்துக் கழுவிய பின்பே தாய்மாரைத் தொட வேண்டும். நாற்றத்தைப் போக்கும் பொருள் நஞ்சையும் போக்கும் என்பது அவர் எண்ணம். குளோரின் நீருக்கு விலை அதிகமானதால், பிறகு குளோரின் கலந்த சுண்ணாம்பைக் கரைத்து வைத்தார். நம் ஊர்களில் கிணற்றுக்கும் சாக்கடைக்கும் போடுகிறோமே, பிளீச்சிங் பவுடர், அதுதான் அந்தச் சுண்ணாம்பு.

பலன் உடனே தெரிந்தது. ஏப்ரல் மாதத்தில் 312 பிரசவங்களில் 57 தாய்மார் இறந்திருந்தார்கள். ஜூன் மாதத்தில் 268 பிரசவங்களில் 6 பேர். ஜூலையில் 250-க்கு 3 பேர். ஆகஸ்டில் 264-க்கு 5 பேர்.

அக்டோபரில் மற்றொரு பாடம் கிடைத்தது. கர்ப்பப்பையில் புற்றுநோய் கண்டு சீழ் வடிந்துகொண்டிருந்த ஒரு பெண் வார்டின் முதற் படுக்கையில் கிடந்தாள். அவளை முதலில் பரிசோதித்த வைத்தியர்கள், சோப்பால் மட்டும் கைகழுவிவிட்டு மற்றவர்களைப் பரிசோதித்தார்கள். அந்தச் சமயம் அங்கே பிள்ளை பெற்ற பன்னிரண்டு பேரில் பதினொருவர் மாண்டார்கள். பிரேதத்திலிருந்து மட்டுமல்ல, உயிருள்ள உடலின் அழுகலிலிருந்தும் இந்த நஞ்சு பரவும் என்று செம்மல்வைஸ் உணர்ந்தார். அன்று முதல், வாசலில் மட்டுமன்றி, ஒரு தாயைத் தொட்டு அடுத்த தாயைத் தொடுமுன்பும் கழுவ வேண்டுமென்று விதித்தார். அடுத்த ஆண்டாகிய 1848-ல் முதற் பிரிவில் 3,556 பிரசவங்களுக்கு இறந்தவர் 45 பேர். இரண்டாம் பிரிவில் 3,219-க்கு 43 பேர். இரு பிரிவுகளும் சமமாயின. அவ்வாண்டு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் முதற் பிரிவில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

தம்மையே குற்றஞ்சாட்டிய உண்மை

இங்கே வாசகர்கள் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இந்த உண்மையைக் கண்டுபிடித்தவருக்கு அது வெற்றியாய் மட்டும் இருக்கவில்லை. காரணத்தை எப்படியும் காண வேண்டுமென்ற ஆவலில், பிரசவ வைத்தியருள் மிகச் சிலரே செய்த அளவுக்குப் பிரேதங்களை அறுத்து ஆராய்ந்தவர் செம்மல்வைஸ். அவர் பதவியில் இல்லாத 1847 பிப்ரவரியில் 312 பிரசவங்களுக்கு இறந்தவர் 6 பேர். அவர் திரும்பி வந்து உற்சாகமாய் உழைத்த ஏப்ரலில், அதே 312 பிரசவங்களுக்கு இறந்தவர் 57 பேர். தாய்மாரைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டாரோ, அவ்வளவுக்கு அவர் கைகளே அவர்களைக் குழிக்கு அனுப்பியிருந்தன.

இதை அவர் மறைக்கவில்லை. தம்மால் அகால மரணமடைந்த தாய்மாரின் தொகை கடவுள் ஒருவருக்கே தெரியும் என்று பிற்பாடு தம் நூலில் வெளிப்படையாய் எழுதி வைத்தார். அறியாமல் செய்ததுதானே என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். பதிவேட்டை மூடி வைத்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்கப் போவதில்லை. தம் குற்றத்தைத் தாமே எண்ணிக்கை போட்டுச் சொன்னதால்தான் மற்றவர்களையும் கேட்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. பழி தம்மேல் வராதிருக்கும்படி பிலாத்து கைகழுவினான். பழியை ஏற்றுக்கொண்டு, இனி ஒருத்தி சாகாதிருக்கும்படி இவர் கைகழுவினார்.

எதிர்ப்பு

ஹெப்ரா, ஸ்கோடா, ரோகிடான்ஸ்கி ஆகியோர் இவருக்குத் துணை நின்றார்கள். ஹெப்ரா 1847 முடிவிலும் 1848-லும் வைத்தியப் பத்திரிகையில் இச்செய்தியை வெளியிட்டார். ஆனால் பெரும்பாலான பேராசிரியர்கள் இதை ஏற்கவில்லை. கனவான்களாகிய வைத்தியர்களின் கைகள் அசுத்தமென்று சொல்வதா என்று பலர் சினந்தார்கள். ஒரு நோய்க்கு ஒரே காரணம் இருக்க முடியாதென்று வேறு சிலர் வாதாடினார்கள். பெர்லினில் புகழ்பெற்ற விர்ஹோகூட ஏற்க மறுத்தார். நோய்க் கிருமிகளைப் பற்றி அக்காலத்தில் ஒன்றும் தெரியாதிருந்ததால், கண்ணுக்குத் தெரியாத துகள் எப்படிக் கொல்லும் என்பதைச் செம்மல்வைஸாலும் விளக்க முடியவில்லை. ஸ்காட்லாந்தில் கோர்டன் என்ற வைத்தியர் 1795-லேயே இந்த நோயை வைத்தியரும் மருத்துவச்சியும் வீடு வீடாய்க் கொண்டுபோகிறார்கள் என்று எழுதியிருந்தார். அமெரிக்காவில் ஹோம்ஸ் என்பவர் 1843-ல் அதையே சொன்னார். அவர்களுக்கும் கிடைத்தது பகைதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இவர் சொல்வதை ஒப்புக்கொண்டால், அத்தனை ஆண்டுகள் இறந்த தாய்மாருக்கெல்லாம் தாமே காரணமென்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு அநேகருக்கு மனம் வரவில்லை.

செம்மல்வைஸ் பேரிலும் ஒரு குறை உண்டு. எழுதுவதென்றால் அவருக்கு வெறுப்பு. தம் முடிவுகளைத் தெளிவாய் எழுதி வெளியிடும்படி நண்பர்கள் எவ்வளவோ வற்புறுத்தியும் ஆண்டுக்கணக்காய் எழுதாதிருந்தார். அதனால் மற்ற நாட்டவர் அரைகுறையாய்க் கேட்டு, தப்பர்த்தம் செய்துகொண்டார்கள். 1849 மார்ச்சில் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. கிளைன் அதைப் புதுப்பிக்கவில்லை. 1850-ல் விரிவுரையாளர் பதவி கிடைத்தும், பொம்மையை வைத்து மட்டுமே பாடம் நடத்தலாமென்று கட்டுப்படுத்தினார்கள். மனமுடைந்த அவர் நண்பர்களிடம்கூட விடைபெறாமல் வியன்னாவை விட்டுப் புறப்பட்டுவிட்டார்.

தாய்நாட்டில்

பெஸ்ட் நகரில் கொள்ளைநோய்க்குப் பாதுகாவலரான அர்ச்சியசிஷ்ட ரோக் பெயரால் ஓர் ஆஸ்பத்திரி உண்டு. அங்கு முதன்முறை பிரசவ வார்டைப் பார்க்கப் போனபோது, ஒரு தாய் இறந்து கிடந்தாள். ஒருத்தி உயிருக்கு மன்றாடிக்கொண்டிருந்தாள். நால்வர் கடும் நோயில் கிடந்தார்கள். 1851-ல் சம்பளமின்றியே அந்த வார்டின் பொறுப்பை ஏற்றார். பின்வந்த ஆண்டுகளில் அங்கே நடந்த 933 பிரசவங்களில் பிரசவ ஜன்னியால் இறந்தவர் 8 பேர் மட்டுமே.

1855-ல் பெஸ்ட் சர்வகலாசாலையில் பேராசிரியரானார். அங்கே இடம் நெருக்கடி, வசதி குறைவு. துவைத்ததாய்ச் சொல்லித் திரும்பி வந்த படுக்கைத் துணிகளில் பழைய இரத்தக்கறையும் சீழும் இருந்ததைக் கண்டு, மேலதிகாரிகளோடு போராடினார். 1857-ல் மரியா வைடன்ஹோபர் என்ற பெண்ணை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் இரண்டு சிசுப் பருவத்திலேயே இறந்தன. குழந்தையைப் பறிகொடுக்கும் துயரம் அவர் வீட்டையும் விடவில்லை.

கடைசியாக 1860-ம் ஆண்டு முடிவில் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது; அட்டையில் 1861 என்று போட்டிருந்தது. அதையும் பலர் புறக்கணித்தார்கள். அவர் பொறுமை இழந்தார். எதிர்த்த பேராசிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதி, அவர்களைக் கொலைக்காரர் என்றே தூற்றினார். தாய்மார் இன்னும் செத்துக்கொண்டிருக்கிறார்களே என்ற ஆத்திரம் அது. ஆனால் கடுஞ்சொல் பகைவரை மனந்திருப்பவில்லை. நண்பர்களையும் தூர விலக்கியது.

கடைசி நாட்கள்

1865-ல் அவருடைய மனநிலை குலையத் தொடங்கியது. நோய் இன்னதென்பதில் வைத்திய சரித்திரம் எழுதுவோரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஜூலை மாத முடிவில் அவரை வியன்னாவுக்கு அழைத்துச் சென்றார்கள். ஹெப்ராவின் புதிய மருத்துவ நிலையத்தைப் பார்க்கலாமென்று சொல்லி, மனநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். விஷயம் புரிந்து அவர் வெளியேற முயன்றபோது, காவலர்கள் அவரை அடக்கிக் கட்டிவைத்தார்கள். அவர் உடலில் பலத்த காயங்கள் இருந்ததைப் பிரேத பரிசோதனைக் குறிப்பு காட்டுகிறது. அவை காவலரின் அடியால் நேர்ந்தவை என்பது ஆராய்ந்தோர் பலரின் முடிவு.

அவர் கையில் இருந்த ஒரு காயம் புரையோடி, இரத்தத்தில் விஷம் ஏறி, 1865 ஆகஸ்ட் மாதம் 13-ந் தேதி உயிர் நீத்தார். வயது 47. நண்பர் கொல்லெச்காவைக் கொன்ற நோய் எதுவோ, ஆயிரக்கணக்கான தாய்மாரைக் கொன்ற நோய் எதுவோ, அதே வகை நோயே அவரையும் கொண்டுபோயிற்று. ஆகஸ்ட் 15-ந் தேதி, தேவதாயின் ஆரோபணத் திருநாளன்று, வியன்னாவில் அவரை அடக்கம் செய்தார்கள். தாய்மாருக்காகப் பாடுபட்டவரைத் தாயின் திருநாளில் மண் ஏற்றுக்கொண்டது. கல்லறைக்குப் போனவர்கள் சிலரே.

அவர் இறப்பதற்கு முந்தின நாள், ஸ்காட்லாந்தில் லிஸ்டர் என்ற வைத்தியர், எலும்பு முறிந்த ஒரு சிறுவனின் காயத்தில் கார்பாலிக் அமிலம் வைத்துக் கட்டி, புண் சீழ்பிடிக்காமல் காக்கும் புதிய முறையைத் தொடங்கியிருந்தார். 1879-ல் பாரிஸில் லூயி பாஸ்டர், பிரசவ ஜன்னியை உண்டாக்கும் கிருமி மணிமாலைபோல் கோத்திருப்பதைப் பலகையில் வரைந்தே காட்டினார். செம்மல்வைஸ் சொன்னது சரியென்று உலகம் ஒத்துக்கொண்டது. 1891-ல் அவருடைய எலும்புகள் புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டன. 1964 முதல் அவர் பிறந்த வீட்டிலேயே அடங்கியிருக்கின்றன. அந்த வீடு இப்போது வைத்திய சரித்திரக் காட்சிசாலை. 1906-ல் திறக்கப்பட்ட அவருடைய சிலை ரோக் ஆஸ்பத்திரியின் முன் நிற்கிறது. அதன் காலடியில் ஒரு தாய் தன் சிசுவோடு வீற்றிருக்கிறாள்.

நாம் கற்க வேண்டியது

வியன்னாவின் முதற் பிரிவில் மாண்ட தாய்மாரின் பெயர்களை இன்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் ஏழைகள், பலர் ஊரின் ஏச்சுக்கும் ஆளானவர்கள். அவர்கள் சாவு இயற்கை என்று பெரியவர்கள் சொல்லி முடித்திருந்தார்கள். அதை இயற்கையென்று ஒப்பாமல், ஒவ்வொரு சாவுக்கும் கணக்குக் கேட்ட ஒருவர் இருந்ததால், இன்று உலகெங்கும் எண்ணற்ற தாய்மார் பிழைத்து வீடு திரும்புகிறார்கள்.

ஆயினும் காரியம் முடிந்துவிடவில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சல் இன்றும் உண்டு. கைகழுவச் சோம்பும் கைகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் மே 5-ந் தேதியைக் கைச் சுத்தத்துக்கென்றே குறித்து, வைத்தியருக்கும் நர்சுகளுக்கும் இதை நினைவுபடுத்தி வருகிறது. பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போகிறோம். போனவுடன் குழந்தையைக் கையில் வாங்கிக் கன்னத்தைக் கிள்ளுகிறோம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்த கை அது, பணத்தை எண்ணிய கை அது. முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிறகு வாங்குவோம். சளியோ காய்ச்சலோ உள்ளவர்கள் சில நாள் கழித்துப் போவோம். தாயோ, தாயின் தாயோ, தொடுமுன் கைகழுவும்படி நம்மிடம் சொன்னால், அதை அவமதிப்பாய் எண்ணிக் கோபிக்க வேண்டாம். அப்படிக் கோபித்தவர்களால்தான் வியன்னாவில் அத்தனை பிள்ளைகள் தாயை இழந்தன.

பிள்ளை பெற்ற தாய்க்குப் பிள்ளை பெற்ற மூன்றாம் நாளோ நான்காம் நாளோ குளிர் கண்டு காய்ச்சல் அடித்தால், பால் கட்டியதென்று நாமே முடிவு செய்துகொண்டு வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். செம்மல்வைஸின் காலத்தில் இல்லாத நல்ல மருந்துகள் இன்று இருக்கின்றன. தாமதம் ஒன்றுதான் சத்துரு.